கடனை முன்கூட்டியே அடைத்தால் எது திரும்ப வரும்? இளம்பிள்ளை விசைத்தறிக் கடன் ஒன்றின் கணக்கு

கடனைத் தவணைக் காலம் முடியும் முன்பே அடைக்கிறவருக்கு, அவர் ஏற்கெனவே கட்டிய செலவுகளில் ஒரு பங்கைத் திருப்பித் தர வேண்டும் என்ற ஒற்றை விதி இந்தியாவில் இல்லை. வட்டிக்கு ரிசர்வ் வங்கியின் ஒரு சுற்றறிக்கை இருக்கிறது. முன்கூட்டியே அடைப்பதற்காக வாங்கும் முன்செலுத்தல் கட்டணத்துக்கு இன்னொன்று. காப்பீட்டுப் பிரீமியத்தைக் கேட்க வேறொரு ஆணையத்தின் கதவைத் தட்ட வேண்டும். கடனைப் பரிசீலித்துக் கொடுப்பதற்கான பிராசசிங் ஃபீஸுக்கு எந்தக் கதவும் இல்லை. அதனால்தான் கிளையில் போய் உட்கார்ந்து “மொத்தமா ஏதாவது பாத்துக் கொறச்சுக் குடுங்க” என்று கேட்பது பலன் தருவதில்லை. அது தயவு கேட்பதாகவே எடுத்துக்கொள்ளப்படும். ஒவ்வொரு வரியையும் அதற்குரிய விதியோடு எழுதிக் கேட்டால்தான் அது உரிமைக் கோரிக்கை ஆகிறது.

கீழே வருவது மாதிரிக் கணக்கு. யாருடைய தனிப்பட்ட கோப்பும் அல்ல. சேலம் வட்டாரத்தில் தறிக்காரர்களும் கொலுசுப் பட்டறைக்காரர்களும் லாரி வைத்திருப்பவர்களும் வாங்கும் கடன்களில் அடிக்கடி வரும் சிக்கல்களை ஒரே கடனுக்குள் வைத்துப் பார்க்கிறோம்.

கடன் எப்படிப்பட்டது

இளம்பிள்ளையில் நான்கு விசைத்தறி வைத்துச் சேலை நெய்கிறவர், மேலும் இரண்டு தறி வாங்க வங்கி சாரா நிதி நிறுவனம் ஒன்றில் ரூ.8,00,000 கடன் வாங்குகிறார். ஈடு, வீட்டுப் பத்திரம். வட்டி ஆண்டுக்கு 15 சதவீதம், நிலையான விகிதம், குறையும் அசலின் மீது. 60 மாதத் தவணை, மாதம் ரூ.19,032. ஒப்பந்தத்தில் கையெழுத்தான நாள் 26 டிசம்பர் 2024. பணம் கணக்கில் ஏறிய நாள் 7 ஜனவரி 2025. முதல் தவணை பிப்ரவரி 7.

பணம் வந்தபோதே பிடித்தம் நடந்துவிட்டது. பிராசசிங் ஃபீஸ் 2 சதவீதம், ஜிஎஸ்டியோடு ரூ.18,880. கடனாளி இறந்தால் கடனை அடைக்கும் குழு ஆயுள் காப்பீட்டுக்கு ஒற்றைப் பிரீமியம் ரூ.24,000, அதற்கு ஜிஎஸ்டி ரூ.4,320. இடைக்கால வட்டி என்ற பெயரில் 12 நாளுக்கு ரூ.3,945.

தீபாவளி வியாபாரமும் நிலம் விற்ற பணமும் கைக்கு வர, பன்னிரண்டு தவணை கட்டிய பிறகு 22 ஜனவரி 2026 அன்று முழுக் கடனையும் முடிக்க வருகிறார். நிறுவனம் தரும் முடிப்புக் கணக்கு இப்படி இருக்கிறது: அசல் பாக்கி ரூ.6,83,846; ஜனவரி மாத வட்டி ரூ.8,548, முன்செலுத்தல் கட்டணம் 4 சதவீதம், ஜிஎஸ்டியோடு ரூ.37,760, கணக்கு முடிப்பு மற்றும் ஆவணக் கட்டணம் ரூ.2,950. மொத்தம் ரூ.7,33,104. காப்பீடு பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அசல் சரிதானா என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். ஓராண்டில் கட்டியது ரூ.2,28,384. அதில் வட்டிக்குப் போனது ஏறக்குறைய ரூ.1,12,230, அசலில் கழிந்தது ரூ.1,16,154. பாதிக்குப் பாதி வட்டியா என்று திகைக்க வேண்டாம். குறையும் அசல் முறையில் தொடக்க ஆண்டுகளில் வட்டிப் பங்கு அப்படித்தான் கனமாக இருக்கும். கடன் தரும்போது கொடுத்த தவணை அட்டவணையின் பன்னிரண்டாவது வரியில் உள்ள அசல் பாக்கியும் இந்த எண்ணும் ஒன்றாக இருந்தால் போதும். இங்கே ஒத்துப்போகிறது. தகராறு மற்ற வரிகளில்.

வட்டி: இரண்டு முனையிலும் கசிவு

29 ஏப்ரல் 2024 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை, ஆய்வுகளில் கண்ட மூன்று தவறான வழக்கங்களைச் சொல்லி அவற்றைத் திருத்தச் சொன்னது. பணம் கொடுத்த நாளிலிருந்து கணக்கிடாமல் கடன் அனுமதித்த நாள் அல்லது ஒப்பந்த நாளிலிருந்தே வட்டி போடுவது ஒன்று. மாத நடுவில் பணம் கொடுத்தாலோ திரும்பப் பெற்றாலோ முழு மாத வட்டி வசூலிப்பது இரண்டாவது. முன்கூட்டியே ஒன்றிரண்டு தவணைகளைப் பிடித்துக்கொண்டு, முழுக் கடனுக்கும் வட்டி போடுவது மூன்றாவது. தனிநபர் கடன், தொழில் கடன் என்ற பிரிவு இங்கே கிடையாது.

நம் கணக்கில் முதல் இரண்டும் இருக்கின்றன. டிசம்பர் 26 முதல் ஜனவரி 7 வரை பணம் நிறுவனத்திடமே இருந்தது. அந்த 12 நாள் வட்டி ரூ.3,945 திரும்ப வர வேண்டும். காசோலை என்றால் அதை அச்சடித்த நாளோ கையெழுத்திட்ட நாளோ கணக்கில்லை, கடனாளியின் கைக்குக் கொடுத்த நாள்தான் கணக்கு.

மறுமுனையில், கடைசித் தவணை கட்டியது ஜனவரி 7, கடனை முடிப்பது ஜனவரி 22. நடுவே 15 நாள். ஒரு நாள் வட்டி என்பது 6,83,846 பெருக்கல் 15 சதவீதம், வகுத்தல் 365, அதாவது ரூ.281. பதினைந்து நாளுக்கு ரூ.4,215. முழு மாதத்துக்கு ரூ.8,548 கேட்டிருப்பதால் ரூ.4,333 கூடுதல். முடிப்புக் கணக்கு கேட்கும்போதே “ஒரு நாள் வட்டி எவ்வளவு, எந்தத் தேதி வரை இந்தக் கணக்கு செல்லும்” என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டால் இந்தத் தகராறு பெரும்பாலும் எழாது. “சிஸ்டத்துல அப்படித்தானுங்க வருது” என்ற பதிலை ஏற்க வேண்டியதில்லை. மென்பொருளைத் திருத்துவது நிறுவனத்தின் வேலை.

முன்செலுத்தல் கட்டணம்: தேதி, விகிதம், நோக்கம்

இந்த வரிதான் பெரிய தொகை. தவறான நம்பிக்கைகளும் இங்கேதான் அதிகம். “ரிசர்வ் வங்கி முன்செலுத்தல் கட்டணத்தையே ஒழித்துவிட்டது” என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது பாதி உண்மை.

மாறும் வட்டி வீட்டுக் கடன்களில் தனிநபரிடம் இந்தக் கட்டணம் வாங்கக் கூடாது என்று வங்கிகளுக்கு 2012 ஜூனில் சொல்லப்பட்டது. 2014இல் அது தனிநபர்களின் எல்லா மாறும் வட்டித் தவணைக் கடன்களுக்கும் விரிந்தது. வங்கி சாரா நிதி நிறுவனங்களும் அதே ஆண்டு உள்ளே வந்தன. தொழில் அல்லாத நோக்கத்துக்கு வாங்கிய கடன்தான் இது என்று 2019 ஆகஸ்டில் விளக்கம் வந்தது. பிறகு 2 ஜூலை 2025 அன்று முன்செலுத்தல் கட்டணங்களுக்கென்றே தனி வழிகாட்டுதல் வந்தது. 1 ஜனவரி 2026 அன்றோ அதற்குப் பிறகோ அனுமதிக்கப்பட்ட அல்லது புதுப்பிக்கப்பட்ட கடன்களுக்கு அது பொருந்தும். தனிநபர்களும் குறு, சிறு நிறுவனங்களும் தொழிலுக்கு வாங்கிய மாறும் வட்டிக் கடன்களுக்கும் முதன்முறையாகப் பாதுகாப்பு வந்தது அதில்தான். வணிக வங்கிகளும், ரிசர்வ் வங்கியின் தட்டுப் பிரிவில் மேல்தட்டில் வரும் பெரிய நிதி நிறுவனங்களும் அப்படிப்பட்ட கடனுக்குக் கட்டணமே வாங்கக் கூடாது. சிறு நிதி வங்கி, மண்டல ஊரக வங்கி, நடுத்தட்டு நிதி நிறுவனம் போன்றவை ரூ.50 லட்சம் வரையுள்ள கடனுக்கு வாங்கக் கூடாது. பணம் எங்கிருந்து வந்தது என்பதும் (வேறு வங்கி எடுத்துக்கொண்டாலும் சரி), குறைந்தது இத்தனை மாதம் ஓட்டியிருக்க வேண்டும் என்பதும் நிபந்தனையாக இருக்க முடியாது.

நம் நெசவாளருக்கு இதில் எதுவும் உதவாது. கடன் அனுமதித்தது 2024. விகிதம் நிலையானது. நோக்கம் தொழில். அவர் கடனை முடிக்கும் நாள் 2026 ஜனவரிக்குப் பிறகு என்பதும் பயன்படாது, ஏனென்றால் விதி பார்ப்பது அனுமதி நாளை. ஆக, கட்டணம் உண்டு. எவ்வளவு என்பதே கேள்வி.

அதற்கு விடை, கடன் தரும்போது நிறுவனம் கொடுக்கும் முக்கியத் தகவல் அறிக்கையில் இருக்கிறது. கிளைகளில் இதைக் கேஎஃப்எஸ் என்பார்கள். 1 அக்டோபர் 2024 முதல் எல்லாச் சில்லறைக் கடன்களுக்கும் குறு, சிறு, நடுத்தரத் தொழில்களின் தவணைக் கடன்களுக்கும் இது கட்டாயம். கடனாளிக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் கையெழுத்து வாங்கியிருந்தால் அதையே புகாரில் ஒரு குறையாக எழுதலாம். வட்டி நிலையானதா மாறுவதா என்பது இதில் தனி வரியாக வரும். முன்செலுத்தல் கட்டணம் நிபந்தனைக் கட்டணங்கள் என்ற பகுதியில் இருக்கும். இதில் எழுதாத எந்தக் கட்டணத்தையும் கடனாளியின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் எந்தக் கட்டத்திலும் வசூலிக்கக் கூடாது.

நம் அறிக்கையில் இருப்பது: “அசல் பாக்கியில் 4 சதவீதம், ஜிஎஸ்டி தனி.” நிறுவனம் கணக்குப் போட்டதோ அனுமதித்த ரூ.8,00,000 மீது. சரியான கட்டணம் 6,83,846இல் 4 சதவீதம், ரூ.27,354. ஜிஎஸ்டி சேர்த்து ரூ.32,278. வித்தியாசம் ரூ.5,482. வரியையும் விட்டுவிடாமல் கேட்க வேண்டும்; அடிப்படைக் கட்டணத்தை மட்டும் திருத்திவிட்டு, கூடுதலாக வாங்கிய ஜிஎஸ்டியை மறந்துவிடுகிற பிழை எளிதில் நேரும்.

கணக்கு முடிப்பு மற்றும் ஆவணக் கட்டணம் ரூ.2,950 அறிக்கையில் எங்கும் இல்லை. அது முழுவதும் நீக்கப்பட வேண்டும்.

நோக்கம் என்ற வரியைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். மகள் கல்யாணத்துக்கு வாங்கும் கடனையும், வீட்டில் தறி இருக்கிறது என்பதற்காகத் தொழில் கடன் என்று விண்ணப்பத்தில் நிரப்பிவிடுவது உண்டு. கையெழுத்துப் போடும் அவசரத்தில் யாரும் அதைப் பார்ப்பதில்லை. 2025 வரையிலான கடன்களில் அந்த ஒரு சொல்லே மாறும் வட்டிக்கான பாதுகாப்பைப் பறித்துவிடும். பத்திரத்தை 30 நாளில் திருப்பித் தராவிட்டால் நாளுக்கு ரூ.5,000 என்று 13 செப்டம்பர் 2023 சுற்றறிக்கை சொல்கிறதே, அதுவும் தனிநபர் கடன் வகைக்கு என்று தலைப்பிலேயே வரையறுக்கப்பட்டது. நோக்கத்தை உண்மைப்படி எழுதச் சொல்வது கடனாளியின் வேலை. பிறகு திருத்துவது மிகக் கடினம்.

குழுக் கடன் வாங்கும் பெண்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை. ஆண்டு வருமானம் ரூ.3 லட்சம் வரையுள்ள குடும்பங்களுக்கு ஈடில்லாமல் தரும் நுண்கடனுக்கு முன்செலுத்தல் அபராதம் கூடாது என்பது 2022 ஏப்ரல் 1 முதலே விதி.

காப்பீடு: யாரும் தானாகச் சொல்லாத பணம்

குழுக் காப்பீட்டில் மூல பாலிசி நிதி நிறுவனத்தின் பெயரில் இருக்கும். கடனாளியிடம் இருப்பது உறுப்பினர் காப்பீட்டுச் சான்றிதழ் மட்டும். பலரிடம் அதுவும் இருக்காது. மூன்றாம் தரப்புக்கென்று வசூலித்த தொகைக்கு ரசீதும் உரிய ஆவணங்களும் கடனாளிக்குத் தர வேண்டும் என்று முக்கியத் தகவல் அறிக்கைச் சுற்றறிக்கையே சொல்வதால், இல்லாதவர்கள் அதைக் காட்டிக் கேட்டு வாங்கலாம்.

கடன் முடிந்தால் இரண்டு வழி. காப்பீட்டை மிச்சக் காலத்துக்கு அப்படியே தொடரலாம், அல்லது ஒப்படைத்துவிட்டு மிச்சப் பிரீமியத்தை வாங்கலாம். ஒப்படைப்பு மதிப்பு எவ்வளவு என்பது சான்றிதழில் உள்ள சூத்திரத்தைப் பொறுத்தது. பொதுவாக மூன்று எண்கள் பெருகும்: ஒரு சதவீதக் காரணி, மிச்ச மாதங்களின் பங்கு, மிச்சக் காப்புத் தொகையின் பங்கு. காரணி 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 24,000 பெருக்கல் 0.70 பெருக்கல் 48/60 பெருக்கல் 6,83,846/8,00,000. ஏறக்குறைய ரூ.11,489. அறுபதில் 48 மாதம் மிச்சம் இருக்கும்போது பாதிகூட வரவில்லையே என்று தோன்றும். காரணியும் குறையும் காப்பும் சேர்ந்து அப்படிச் செய்கின்றன. பிரீமியத்தோடு கட்டிய ஜிஎஸ்டியும் இந்தக் கணக்கில் வராது.

எல்லோருக்கும் ஒப்படைப்பதுதான் நல்லது என்று சொல்ல மாட்டோம். ஐம்பதைத் தாண்டியவர், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர், வேறு ஆயுள் காப்பீடு இல்லாதவர் என்றால் அந்தக் காப்பை வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். புதிதாக எடுக்கப் போனால் பிரீமியம் பல மடங்கு ஆகலாம். தொடர்வதானால், இழப்பீட்டுத் தொகை இனி நிதி நிறுவனத்துக்குப் போகாமல் நியமனதாரருக்குப் போகும்படி எழுத்தில் உறுதி வாங்க வேண்டும்.

ஒப்படைப்பதானால் நடைமுறையில் வரும் தடை ஒன்று. நிறுவனம் காப்பீட்டாளரைக் கேளுங்கள் என்கிறது. காப்பீட்டாளர் மூல பாலிசிதாரர் வழியாக வாருங்கள் என்கிறார். ஆகவே இருவருக்கும் ஒரே நாளில், ஒரே கடிதத்தை அனுப்ப வேண்டும்: சான்றிதழ் எண், கடன் முடிப்புக் கடிதத்தின் நகல், ரத்து செய்த காசோலை, ஒப்படைப்புக் கோரிக்கை. ஈட்டு வீட்டுக்குப் பல ஆண்டுத் தீ விபத்துப் பாலிசியும் சேர்த்து எடுத்திருந்தால் அதைத் தனியே கேட்க வேண்டும். பொதுக் காப்பீட்டில் காப்பு இன்னும் தொடங்காத ஆண்டுகளின் பிரீமியம் திரும்பக் கிடைக்கும்.

பிராசசிங் ஃபீஸ்: இங்கே இல்லாத உரிமை

ரூ.18,880 திரும்ப வராது. கடன் கொடுக்கும் வேலை முடிந்துவிட்டது, கட்டணம் அதற்கானது என்பது நிறுவனத்தின் நிலை. அதை மறுக்கும் விதி இந்தியாவில் இல்லை. வீட்டுப் பத்திரத்தை ஈடாக ஒப்படைத்ததைப் பதிவு செய்யக் கட்டிய முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் அரசுக்குப் போனவை. அவையும் வராது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் நிலைமை வேறு. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் நெறிமுறையின் 16ஆம் பிரிவு, முன்கூட்டியே அடைக்கிறவருக்குக் கடனின் மொத்தச் செலவில் குறைப்பு உண்டு என்கிறது. போலந்திலிருந்து வந்த லெக்சிடர் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 11 செப்டம்பர் 2019 அன்று, இந்தக் குறைப்பு நுகர்வோர் மீது சுமத்திய எல்லாச் செலவுகளையும் சேர்த்தது என்று தீர்ப்பளித்தது. தொடக்கக் கட்டணமும் அதில் அடக்கம். சொன்ன காரணம் முக்கியமானது: காலத்தைச் சார்ந்த செலவை மட்டும் குறைத்தால் போதும் என்று விட்டால், கடன் கொடுப்பவர் வட்டியைக் குறைத்து, தொடக்கக் கட்டணத்தை ஏற்றி, உரிமையையே வெறுமையாக்கிவிடுவார். வீட்டு அடமானக் கடனுக்கான தனி நெறிமுறையில் இதே நீதிமன்றம் 9 பிப்ரவரி 2023 அன்று, காலத்தைச் சாராத செலவுகள் அந்தக் குறைப்பில் வராது என்று வேறு முடிவு எடுத்தது. ஆக அங்கேயும் எல்லாக் கடனுக்கும் ஒரே விடை இல்லை.

அந்தக் காரணம் இங்கேயும் பொருந்துகிறது என்பதே எங்கள் கருத்து. நம் கணக்கில் கட்டணமும் காப்பீடும் சேர்ந்து ரூ.47,200. ஐந்தாண்டு ஓட்டினால் மாதத்துக்கு ரூ.787. ஓராண்டில் முடித்தால் மாதத்துக்கு ரூ.3,933. சீக்கிரம் அடைக்கும் ஒழுங்கான கடனாளிதான் அதிகம் கொடுக்கிறார். சட்டம் மாறும் வரை செய்யக்கூடியது ஒன்றே: ஓரிரண்டு ஆண்டில் அடைத்துவிடும் எண்ணம் இருந்தால், அரை சதவீதம் வட்டி கூடினாலும் தொடக்கக் கட்டணம் குறைந்த, மாறும் வட்டிக் கடனைத் தேர்ந்தெடுப்பது.

கேட்கும் முறை

சரியான முடிப்புத் தொகை ரூ.7,20,339. நிறுவனம் கேட்டதிலிருந்து ரூ.12,765 குறைவு. அதோடு தொடக்க வட்டி ரூ.3,945, காப்பீடு ரூ.11,489. கேட்க வேண்டியது மொத்தம் ரூ.28,199.

முடிப்புக் கணக்கு கைக்கு வந்த அன்றே ஆட்சேபக் கடிதத்தைக் கிளையில் கொடுத்து முத்திரையோடு நகல் வாங்கி, குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சலும் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் கேட்ட தொகை, சரியான தொகை, விதியின் தேதியும் பொருளும். சுற்றறிக்கை எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். 2025 நவம்பரில் ரிசர்வ் வங்கி பழைய சுற்றறிக்கைகளைத் தொகுத்துப் புதிய வழிகாட்டுதல்களாக வெளியிட்டதால், “அந்த எண் இப்போது இல்லை” என்ற பதில் வரக்கூடும்.

அவர்கள் இறங்கி வராவிட்டால், தகராறு முடியும் வரை பணத்தை வைத்துக்கொண்டு காத்திருப்பது நஷ்டம், நாளுக்கு ரூ.281 ஓடிக்கொண்டே இருக்கும். கேட்ட தொகையை “ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்” என்று எழுதிக் கட்டிவிட்டு, பிறகு கேட்கலாம். ஆனால் “எனக்கு எந்தக் கோரிக்கையும் பாக்கி இல்லை” என்ற தாளில் ஆட்சேபத்தைக் குறிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. கோரிக்கை அங்கேயே செத்துவிடும் ஆபத்து உண்டு.

கட்டிய அன்றே தவணையைத் தானாகப் பிடிப்பதற்குக் கொடுத்த வங்கி ஆணையை ரத்து செய்யச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் பிப்ரவரி 7 அன்று மேலும் ரூ.19,032 போகலாம். பத்திரம் கைக்கு வந்ததும் வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம். பத்திர ஒப்படைப்புப் பதிவான அதே சார்பதிவகத்தில், கடன் அடைந்தது என்று நிறுவனம் தரும் ரசீது ஆவணத்தைப் பதிவு செய்து, வில்லங்கச் சான்றில் அது ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

முப்பது நாளில் பதில் இல்லை அல்லது பதில் திருப்தி இல்லை என்றால், ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தின்கீழ் அதன் புகார் தளத்தில் பதியலாம். கட்டணம் இல்லை. உதவிக்கு 14448. காலக்கெடு உண்டு என்பதால் தாமதிக்காமல் பதிய வேண்டும். வீட்டுக் கடன் நிறுவனம் என்றால் இந்தத் திட்டம் பொருந்தாது, புகார் தேசிய வீட்டுவசதி வங்கிக்குப் போக வேண்டும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய கடன் என்றால் கூட்டுறவுத் துறைப் பதிவாளர் அலுவலகம். காப்பீட்டுப் பகுதிக்குக் காப்பீட்டு ஆணையத்தின் பீமா பரோசா தளம் அல்லது 155255. அதிலும் தீராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். நிறுவனத்தின் மீதான புகாரிலேயே காப்பீட்டையும் சேர்த்து எழுதினால் அந்தப் பகுதி மட்டும் தள்ளுபடியாகி மாதங்கள் வீணாகும்.

கடைசி வழி சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடனாளி வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழி செய்கிறது. நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் தடை இல்லை. சேவைக்குக் கொடுத்த தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். தொழில் கடன் என்பதால் “இவர் நுகர்வோரே அல்ல” என்று எதிர்த்தரப்பு முதலில் வாதிடும். சுயவேலை மூலம் பிழைப்பு நடத்தவே வாங்கியது என்றால் அவர் நுகர்வோர்தான். அதைக் காட்ட, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுச் சான்று, தறி வாங்கிய பில், வீட்டு ஆட்களே தறி ஓட்டுகிறார்கள் என்பதற்கான உறுதிமொழி ஆகியவற்றை முதல் மனுவோடே இணைத்துவிட வேண்டும்.